"கடன் இல்லை" என்று சொன்ன கடைகள்: கோடை ஆய்வின் குறைகளை எப்படி எழுதுவது?

மூன்றாமாண்டுப் பொருளியல்:
வணக்கம். கடைத்தெருவில் சிறுகடைக்காரர்கள் எப்படிக் கடன் வாங்குகிறார்கள் என்பதுதான் என் கோடை ஆய்வு. 60 கடைகளில் கேட்டதில் பாதிக்கு மேல் "கடன் எதுவும் இல்லை" என்றார்கள். தண்டல் (தினவசூல் கடன்) வட்டியை 10 சதவீதம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறேன். முத்ரா (சிறுதொழிலுக்கான அரசுத் திட்டத்தில் கிடைக்கும் வங்கிக் கடன்) வாங்கிய கடைகளில் விற்பனை கூடுதல். கடைசி அத்தியாயத்தில் குறைகளை எழுத வேண்டும். "மாதிரி சிறியது, நேரம் போதவில்லை" என்பதைத் தாண்டி என்ன எழுதலாம்?

வட்டிக்கணக்கு:
தம்பி, அந்த 10 சதவீதம் குறை இல்லை, பிழை. முதலில் அதைத் திருத்துங்கள். வழக்கமான நூறு நாள் தண்டலில் 10,000 என்று எழுதி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 கட்ட வேண்டும். கைக்கு வந்தது 9,000 என்பதால் அதுவே 11.1 சதவீதம் ஆகிறது. அதோடு முதல் நாளிலிருந்தே அசல் கழிவதால், 50ஆம் நாளில் ஏறக்குறைய பாதிப் பணம்தான் கடைக்காரர் கையில் இருக்கிறது.

எக்செலில் வட்டி வீதம் கண்டுபிடிக்கும் ரேட் (RATE) சார்பைப் போடுங்கள்: தவணைகளின் எண்ணிக்கை 100, தினம் கட்டும் தொகை மைனஸ் 100, பெற்றது 9,000. நாளுக்கு 0.21 சதவீதம் வரும். 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 78 சதவீதம். ஞாயிறு வசூல் இல்லை என்றால் 313ஆல் பெருக்குங்கள், 66 சதவீதத்தை ஒட்டி வரும். வாயால் சொன்னதை விட்டுவிட்டு வசூல் அட்டையில் குறித்த தேதிகளை எடுங்கள். விட்டுப்போன நாள்கள் அதில்தான் தெரியும்.

களப்பணி:
"கடன் இல்லை" என்ற பதில்தான் உங்கள் ஆய்வின் மையம் என்பேன். கடைக்காரர் பேச்சில் கடன் என்றால் பேங்க் கடன். சரக்கு எடுக்க வைத்த நகை "வீட்டு விஷயம்". மண்டியில் பத்து நாள் தவணைக்கு எடுத்த மூட்டை "கணக்கு". ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது "நம்ம பணம்". மனைவி பெயரில் வந்த சுய உதவிக் குழுப் பணம் கடையில் போட்டிருந்தாலும் அவர் பதிலில் வராது. நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், கடைக்காரர் ஒருவரை மட்டும் அலகாக எடுத்ததுதான் தவறு. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளே குடும்பத்தைத்தான் அலகாக எடுக்கின்றன: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம், மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்த வாதத்தை அறிக்கையில் வையுங்கள்.

மாதிரிக்கூறு:
முத்ராவால் விற்பனை கூடியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விற்பனை நன்றாக இருந்த கடைக்கே வங்கி கொடுத்திருக்கலாம். முத்ராவிலேயே பிரிவுகள் உண்டு: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் தள்ளுவண்டியும் லேத் பட்டறையும் ஒன்றாகிவிடும். தவணை கட்ட முடியாமல் பூட்டிய கடையும் உங்கள் பட்டியலில் இல்லை. விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரையும், கிடைக்காது என்று போகாமலே விட்டவரையும் தனித்தனியாகக் கேட்டீர்களா?

மூன்றாமாண்டுப் பொருளியல்:
இல்லை, கேட்கவில்லை. நகையைப் பற்றியும் கேட்கவில்லை. அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருக்கிறது. மறுபடி போனால் எதைக் கேட்பது?

களப்பணி:
"இல்லை" என்றவர்களில் 15 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மதியம் 2 முதல் 4 மணிக்குள் போங்கள், காலை வியாபாரத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். கடன் என்ற சொல்லே வேண்டாம். "போன தீபாவளிச் சரக்குக்குப் பணம் எப்படிப் புரட்டினீர்கள்?" என்று தொடங்கி, நகை, மண்டி, சீட்டு, குழு, தண்டல் என ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசியாக, இரண்டு ஆண்டில் பக்கத்தில் பூட்டிய கடை எது என்றும் கேளுங்கள். அட்டவணையில் பழைய பதிலை அழிக்காமல் புதியதைப் பக்கத்து நெடுவரிசையில் போடுங்கள். 15 பேரில் எத்தனை பேர் பதில் மாறியது என்ற எண்ணை அத்தியாயத்தின் முதல் வரியிலேயே கொடுங்கள்.