வங்கி பிடித்த கட்டணத்தை ஸ்மால் கிளெய்ம்ஸ் போய் மீட்டவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கிழக்கு லண்டன் அக்கா:

2006, 2007 காலத்தில் இங்கிலாந்து வங்கிகள் பிடித்த அபராதக் கட்டணங்களை ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு தொகை வழக்கு முறையில் கோர்ட் வழியாகத் திரும்ப வாங்கியவர்கள் நம்மவர்களிலும் நிறையப் பேர். யாரும் அதை விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. நான் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு சம்பளம்தான். அது மாதக் கடைசியில் வரும். கவுன்சில் வரியும் காஸ் பில்லும் அதற்கு முன்பே டைரக்ட் டெபிட்டில், கணக்கிலிருந்து தானாகவே, போய்விடும். ஒருமுறை கணக்கில் சில பவுண்டுகள் குறைவாக இருந்ததால் காஸ் பில் கட்டப்படாமல் திரும்பிவிட்டது. அதற்கு வங்கி 35 பவுண்டு பிடித்தது. அந்த 35 பவுண்டு போனதால் அடுத்து வந்த தொலைபேசி பில்லும் திரும்பியது. அதற்கு இன்னொரு 35. பிறகு அனுமதியில்லாத ஓவர்டிராப்டில், அதாவது வங்கியைக் கேட்காமல் கணக்கில் இருப்பதற்கு மேல் போன நிலையில், இருந்ததற்காக ஒரு மாதக் கட்டணம். சம்பளம் வந்தபோது அதில் நூறு பவுண்டுக்கு மேல் ஏற்கெனவே வங்கிக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் அந்த நூறு இல்லாமல் தொடங்க வேண்டும், ஆகவே அடுத்த மாதமும் ஏதாவது ஒன்று திரும்பும். பணம் இல்லாதவரிடம், பணம் இல்லை என்ற காரணத்துக்காகவே பிடிக்கிற பணம் இது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வேலையிடத்தில் ஒரு பெண் சொல்லித்தான் திரும்பக் கேட்கலாம் என்பதே தெரிந்தது. முதலில் பழைய ஸ்டேட்மென்ட் முழுவதும் வேண்டும். 1998 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, என்னைப் பற்றி வங்கி வைத்திருக்கும் விவரம் எல்லாவற்றையும் தரும்படி எழுதி, 10 பவுண்டுக்குக் காசோலை வைத்து அனுப்பினேன். அதிகபட்சக் கட்டணமே அப்போது அவ்வளவுதான். 40 நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். தடித்த உறை ஒன்று வந்தது. கோர்ட்டில் ஆறு வருடம் பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் ஆறு வருடத்தையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு கட்டணத்துக்கும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். கூட்டிப் பார்த்தபோது ஆயிரத்து இருநூறு பவுண்டைத் தாண்டியது. வீட்டுக்காரரும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் கடிதம். இவ்வளவு பிடித்திருக்கிறீர்கள், பதினான்கு நாளில் திருப்பித் தாருங்கள், அல்லது ஒரு பில் திரும்புவதால் உங்களுக்கு உண்மையில் என்ன செலவு என்று கணக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படிதான் பிடித்தோம் என்று பதில் வந்தது. செலவைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, ‘நல்லெண்ண அடிப்படையில்’ பாதி தருகிறோம் என்றார்கள். பாதியை ஒரு பகுதியாக மட்டும் ஏற்கிறேன், மீதிக்குக் கோர்ட் போவேன் என்று எழுதிவிட்டு, இணையத்தில் மனி கிளெய்ம் ஆன்லைனில் வழக்குப் பதிந்தேன். பதிவுக் கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்தது. அதையும் வழக்கிலேயே சேர்த்துக் கேட்கலாம்.

வங்கி கடைசி நேரம் வரை காத்திருந்து, எதிர்க்கிறோம் என்று பதில் போட்டது. எங்கள் ஊர்க் கவுண்டி கோர்ட்டுக்கு வழக்கு மாறி, விசாரணைத் தேதியும் வந்தது. அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு அவர்களுடைய வக்கீலிடமிருந்து ஒரு கடிதம்: முழுத் தொகை, வட்டி, கோர்ட் செலவு எல்லாம் தருகிறோம், ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்ற வரியை எடுத்தால்தான் கையெழுத்து என்றேன். எடுத்தார்கள். பணம் வந்தது. அதனால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

கணக்குப்பிள்ளை:

அக்கா எழுதியதைப் படித்ததும் அந்தக் காலம் அப்படியே வந்துவிட்டது. நான் கணக்காளர். அந்த இரண்டு வருடமும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, கட்டணத்தின் பெயர், தொகை, அன்றிலிருந்து வழக்குப் போடும் நாள் வரை 8% தனிவட்டி. இந்த 8% நாமாக வைத்தது இல்லை. 1984 ஆம் ஆண்டின் கவுண்டி கோர்ட் சட்டத்தின் 69 ஆம் பிரிவின் கீழ் நீதிபதி கொடுக்கக்கூடிய வட்டி. ஆறு வருடத்துக்கு முன் பிடித்த 30 பவுண்டுக்கு இதுவே 14 பவுண்டுக்கு மேல் வரும். பலர் அசலை மட்டும் கேட்டுவிட்டு வட்டியை விட்டுவிட்டார்கள்.

வாதம் இரண்டு. ஒன்று, ஒப்பந்தத்தை மீறியதற்கு வாங்கும் தொகை உண்மையான இழப்பின் மதிப்பீடாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக் கூடாது என்ற பழைய பொதுச் சட்ட விதி. 1914 இல் டன்லப் டயர் வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. மற்றது, 1999 ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய ஒழுங்குவிதிகள். 2006 ஏப்ரலில், நுகர்வோர் நலனைக் கவனித்த அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகம், அதாவது ஓ.எஃப்.டி., கிரெடிட் கார்டு அபராதம் 12 பவுண்டுக்கு மேல் போனால் நியாயமற்றது என்றே கருதுவோம் என்று அறிவித்தது. அது கார்டுகளுக்குச் சொன்னதுதான். ஆனால் கார்டுக்கு 12 என்றால் நடப்புக் கணக்குக்கு மட்டும் ஏன் 35, 39 என்ற கேள்வி எல்லார் வாயிலும் வந்துவிட்டது.

வங்கிகள் ஏன் விசாரணைக்கு வராமல் பணத்தைக் கொடுத்தன என்று இன்றும் கேட்கிறார்கள். நான் புரிந்துகொண்டது இது: விசாரணைக்கு வந்தால் உண்மைச் செலவைக் காட்டச் சொல்லி நீதிபதி கேட்கலாம். அதைக் காட்டுவதைவிட, கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவது அவர்களுக்கு மலிவு. கேட்காதவர்கள் அதைவிடப் பல மடங்கு இருந்தார்கள். எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம் அதுதான். எழுதப் படிக்கத் தெரிந்து, கடிதம் போட நேரம் இருந்தவர்களுக்குப் பணம் வந்தது. அதிகம் இழந்தவர்கள் பலர் பயத்தில் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள்.

எல்லாரும் வென்றார்கள் என்று நினைக்க வேண்டாம். 2007 மே மாதம் பர்மிங்காமில் ஒரு வங்கி வந்து வாதாடியது, வாடிக்கையாளர் தோற்றார். கவுண்டி கோர்ட் தீர்ப்பு மற்றக் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதற்குப் பிறகு பலர் தயங்கினார்கள்.

அப்போது வந்த பணத்தில் நாலில் ஒரு பங்கு, அதற்கு மேலும் கேட்ட ஏஜென்சிகள் முளைத்தன. நாமே போடக்கூடிய ஒரு கடிதத்துக்கு அவ்வளவு கொடுக்க எந்த அவசியமும் இருக்கவில்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் முறையே வக்கீல் இல்லாமல் சாதாரண ஆட்கள் வந்து பேசுவதற்காக வைத்தது. தோற்றாலும், நாம் முறைகேடாக நடந்தால் தவிர, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு நம் தலையில் விழாது.

இரவுப்பணி:

எனக்குப் பணம் வரவில்லை. அதையும் எழுத வேண்டும் என்றுதான் வந்தேன்.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை எனக்கு. கடிதங்களை எழுதி முடித்து வழக்குப் போட்டது 2007 கோடையில். ஜூலை கடைசியில் ஓ.எஃப்.டி.யும் பெரிய வங்கிகளும் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு சோதனை வழக்காக உயர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம் என்று உடன்பட்டார்கள். ஏழு வங்கிகளும், வங்கி போலவே கணக்கு நடத்தும் ஒரு கட்டடச் சங்கமும் (பில்டிங் சொசைட்டி) அதில் இருந்தன. உடனே நாடு முழுவதும் வழக்குகள் நிறுத்தி வைக்கப்பட்டன. என்னுடையதும் நின்றது. கோர்ட்டிலிருந்து ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான்.

2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், இந்தக் கட்டணங்கள் நியாயமா என்று ஓ.எஃப்.டி. பார்க்கலாம் என்றது. அதே தீர்ப்பில், வங்கிகளின் அப்போதைய நிபந்தனைகளின்படி இவை பொதுச் சட்டத்துத் தண்டனைத் தொகை இல்லை என்றும் சொன்னது. பணம் இல்லாதபோது பில் கட்டச் சொல்வது ஒப்பந்த மீறல் அல்ல, ஓவர்டிராப்ட் கேட்கும் விண்ணப்பம் என்று வங்கிகள் எழுதி வைத்திருந்தன. 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நம் பக்கம். நான் நம்பிவிட்டேன். அந்தப் பணத்தில் மகளுக்குப் பள்ளிச் சுற்றுலா, வீட்டுக்குக் கட்டில் என்று மனதில் பிரித்தும் வைத்துவிட்டேன்.

2009 நவம்பர் 25. அந்த வருடம் அக்டோபரில்தான் புதிதாகத் தொடங்கிய உச்ச நீதிமன்றம். ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இந்தக் கட்டணம், வங்கிச் சேவை முழுவதற்கும் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி. விலை அதிகமா குறைவா என்று பார்க்க அந்த ஒழுங்குவிதிகள் இடம் தரவில்லை என்றார்கள். நடப்புக் கணக்குகளால் வரும் வருமானத்தில் 30%க்கு மேல் இந்தக் கட்டணங்களிலிருந்துதான் வருகிறது என்ற விவரமும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதாவது, கணக்கில் எப்போதும் பணம் வைத்திருந்தவர்களுக்கு வங்கி இலவசமாக நடந்ததற்கு எங்களைப் போன்றவர்கள் காசு கட்டினோம். அடுத்த மாதமே ஓ.எஃப்.டி. விட்டுவிட்டது. என் வழக்கும் முடிந்தது.

ஒன்று மட்டும் கிடைத்தது. வழக்குகள் நின்ற காலத்திலும் பண நெருக்கடியில் இருப்பவர்களின் முறைப்பாட்டை வங்கி தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. தீர்ப்புக்குப் பிறகு என் சம்பளச் சீட்டு, வாடகை பாக்கிக் கடிதம், மாதச் செலவுப் பட்டியல் எல்லாம் வைத்து, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், என் நிலைமையை மட்டும் எழுதினேன். முதலில் முடியாது என்றார்கள். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகிறேன் என்று எழுதியதும் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். மற்றவர்களுக்கு முழுவதும் வந்த பணம், சில மாதம் பிந்திக் கேட்டதற்காக எனக்கு வராமல் போனது சரி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கிளாஸ்கோ தம்பி:

ஸ்காட்லாந்தில் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஆறு வருடம் இல்லை, ஐந்து வருடம். வழக்கு ஷெரிஃப் கோர்ட் என்ற உள்ளூர் நீதிமன்றத்தில். ஸ்மால் கிளெய்ம் வரம்பு 2008 ஜனவரி வரை வெறும் 750 பவுண்டு. என்னுடையது அதற்குள் அடங்கியதால் சிக்கல் இல்லை. அப்போது நான் மாணவன். கோர்ட் அலுவலகத்தில் இருந்த பெண்மணி படிவத்தை எப்படி நிரப்புவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வங்கி தேதிக்கு முன்பே கொடுத்துவிட்டது. இரவுப்பணி அக்காவின் பதிவைப் படித்த பிறகு எனக்கு என் பணம் வந்ததைச் சொல்லவே ஒரு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. வழக்குப் போட்டதும் என் கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. வேறு வங்கியில், ஓவர்டிராப்ட் இல்லாத ஓர் அடிப்படைக் கணக்கை முன்பே திறந்து, ஸ்காலர்ஷிப்பை அங்கே மாற்றியிருந்ததால் தப்பித்தேன். வங்கியோடு மோதப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். வருமானம் போகிற கணக்கும் வழக்கில் இருக்கிற கணக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது.

புதுவரவு:

வணக்கம். அம்மா துப்புரவு வேலை செய்கிறார். பல வருடமாக ஓவர்டிராப்டிலேயே இருக்கிறார். முன்பு மாதாமாதம் கட்டணம் பிடித்தார்கள், இப்போது 40% அளவில் வட்டி பிடிக்கிறார்கள். அக்கா செய்த மாதிரி ஸ்மால் கிளெய்ம்ஸ் போடலாமா?

கணக்குப்பிள்ளை:

தம்பி, அதே வாதத்தோடு போனால் 2009 தீர்ப்பு முன்னால் வந்து நிற்கும். பதிவுக் கட்டணத்தை இழக்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது.

2020 ஏப்ரலிலிருந்து, வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் விதி மாறிவிட்டது. ஓவர்டிராப்டுக்கு நாள் கட்டணம், மாதக் கட்டணம் பிடிக்கக் கூடாது. வட்டி மட்டும்தான். அனுமதியில்லாத ஓவர்டிராப்டுக்கு அனுமதி உள்ளதைவிட அதிகம் வாங்கவும் கூடாது. பில் திரும்பினால் வாங்கும் கட்டணம் வங்கிக்கு ஆகும் செலவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். 2006 இல் அக்கா கடிதத்தில் கேட்ட அதே கேள்வி, இன்று விதியாகவே இருக்கிறது. நாள், மாதக் கட்டணங்கள் போனதால்தான் வட்டியை ஏறக்குறைய 40%க்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ஒருவர் வருடக் கணக்காக ஓவர்டிராப்டிலிருந்து வெளியே வர முடியாமல் இருப்பது வங்கியின் திரையில் தெரியும். தெரிந்தும் வரம்பைக் குறைக்க உதவாமல், உயர்த்திக்கொண்டே போனார்களா? கட்ட முடியுமா என்று பார்க்காமல் கடன் கொடுத்தார்கள் என்று முறைப்பாடு செய்யலாம். முதலில் வங்கிக்கு எழுத்தில். அவர்களுக்கு எட்டு வாரம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும், அது இலவசம். ஆறு வருடத்துக்கு முந்திய விஷயத்தை வங்கி மறுக்கப் பார்க்கும். பிரச்சினை இருப்பதை அறிந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்ற விதியும் உண்டு, ஆகவே அவர்கள் மறுத்தாலும் நிறுத்தாதீர்கள். தரவுக் கோரிக்கைக்கு இப்போது 10 பவுண்டும் வேண்டாம். 2018 மே முதல் இலவசம், ஒரு மாதத்தில் தர வேண்டும்.

இரவுப்பணி:

தம்பி, அம்மாவையே எழுத வையுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் சொல் அம்மாவுடையதாக இருக்கட்டும். எந்த மாதம் வாடகைக்குக் கடன் வாங்கினார், எப்போது வேலை நேரம் குறைந்தது, வங்கிக்குப் போன் செய்தபோது என்ன சொன்னார்கள். என் முறைப்பாட்டில் வேலை செய்தது அந்த விவரங்கள்தான்.

கிழக்கு லண்டன் அக்கா:

ஸ்டேட்மென்ட் வந்ததும் இங்கேயே சொல்லுங்கள் தம்பி. எந்த மாதத்தில் வரம்பை உயர்த்தினார்கள் என்று பார்த்துக் குறிப்பதற்கு நானும் உட்காருகிறேன். இதற்கிடையில் அம்மாவின் சம்பளத்துக்கு வேறு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள், கிளாஸ்கோ தம்பி சொன்னது இன்றைக்கும் சரி.