காம்பாக்ட் எஸ்யூவியின் மூலம் எது? எல்லாமே ஏன் 3,995 மி.மீ.?

நொய்யல்கரையான் (கேள்வி):
வணக்கம். வீட்டுக்கு ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வாங்கலாம் என்று இரண்டு வாரமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறேன். சேர்ந்துபோன விவரத் தாள்களை நேற்று இரவு வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பிரெஸ்ஸாவின் நீளம் 3,995 மி.மீ.; வென்யூவும் 3,995, சோனெட்டும் 3,995; எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ மட்டும் ஐந்து மில்லிமீட்டர் குறைவு. போட்டி நிறுவனங்கள் பேசி வைத்துக்கொண்டு செய்தது போல இருக்கிறது. நான்கில் ஒன்றிலும் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. வால்பாறை எஸ்டேட் சாலைகளில் முப்பது ஆண்டுகள் ஜீப் ஓட்டிய என் மாமா, "காரைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டு எஸ்யூவி என்கிறார்கள்" என்று சிரிக்கிறார். இந்த வகை எங்கே தொடங்கியது, எப்படி இங்கே வந்து நின்றது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஜிப்ஸி:
மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தொடக்கத்தில் காரைத் தூக்கவில்லை, ஜீப்பைத்தான் சுருக்கினார்கள். ஜப்பானில் ஹோப் என்ற சிறு நிறுவனம் வடிவமைத்த ஒரு குட்டி ஜீப்பின் உரிமையை சுசூகி வாங்கி, அதை மேம்படுத்தி 1970இல் ஜிம்னி எல்ஜே10 என்ற பெயரில் வெளியிட்டது. 359 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், லேடர் ஃபிரேம் (உடலைத் தாங்கும் ஏணி வடிவத் தனிச் சட்டம்), நான்கு சக்கர இயக்கம் எல்லாம் அதில் இருந்தன. அங்கே 'கேய்' எனப்படும் சிறுவண்டிச் சலுகையைப் பெற நீளம் 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டாமல் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் ஓர் இருக்கை பறிபோய், அது மூன்று பேர் வண்டியானது. அந்தப் பரம்பரையில் வந்ததுதான், நம் ஊரில் காவல்துறையும் ராணுவமும் ஓட்டிய, 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸி.

ஆனாலும் நீங்கள் கேட்கும் வகைக்கு உண்மையான மூதாதை 1977இல் சோவியத் நாட்டில் வெளிவந்த லாடா நிவா என்பதே என் கருத்து. தனி ஃபிரேம் இல்லாமல், கார்களைப் போலவே உடலும் சேஸும் ஒன்றான மோனோகாக் கட்டமைப்பு, காயில் ஸ்பிரிங், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் இழுவை ஆகிய மூன்றையும் 3.7 மீட்டர் அளவுள்ள ஒரு வண்டியில் அப்போதே சேர்த்துவிட்டார்கள். அதன் ஸ்டெப்னி எங்கே இருந்தது தெரியுமா? பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும்.

ஷார்ஜா ரிட்டர்ன்:
பழைய ஜிப்ஸி ஐயா, நிவாவின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அது வயல்வெளிக்காகச் செய்த வண்டி. நகரத்தில் கார் ஓட்டுபவரை இந்தப் பக்கம் இழுத்தது 1994இல் வந்த டொயோட்டா ராவ்4தான். கரோலா போன்ற கார்களின் பாகங்களை அடிப்படையாகக் கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்து, 3,695 மி.மீ. நீளத்தில் மூன்று கதவுகளோடு அதைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே ஹோண்டா, சிவிக்கை அடிப்படையாக வைத்து சிஆர்-வியை வெளியிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில் மேலாளரிடம் ஒரு பழைய சிஆர்-வி இருந்தது. முதலில் பின்கண்ணாடியை மேலே தூக்க வேண்டும். பிறகு ஸ்டெப்னி தொங்கும் கதவைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். டிக்கியின் தரைப்பலகையை வெளியே எடுத்துக் கால்களை விரித்தால் அதுவே பிக்னிக் மேசை. வெள்ளிக்கிழமைகளில் அதில் வைத்துத்தான் பிரியாணி சாப்பிடுவோம். மலையேற்றத்தை விட இந்த மேசைதான் அந்த வண்டியை வாங்கியவர்களின் மனத்தைச் சரியாகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றும். லேண்ட் ரோவர் ஃபிரீலேண்டர், சுபாரு ஃபாரஸ்டர் எல்லாம் 1997இல் பின்தொடர்ந்து வந்தவை.

அளவுநாடா:
3,995க்கு விடை, வரிச் சட்டத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், நீளம் 4,000 மி.மீ.க்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கும் மிகாமலும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக ப. சிதம்பரம் குறைத்தார். சிறு கார்களை மனத்தில் வைத்து வரைந்த அந்தக் கோட்டுக்குள் எஸ்யூவியை மடித்து வைக்க முடியும் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார்கள். பிரேசிலில் 2003இல் பிறந்த ஃபோர்டு எகோஸ்போர்ட்டின் இரண்டாம் தலைமுறை, 2013இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து 3,999 மி.மீ. என்ற கணக்கோடு இங்கே விற்பனைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் 4,315 மி.மீ. நீளத்தில் கோட்டுக்கு வெளியே நின்றும் நன்றாகவே விற்றது. ஆனாலும் பின்னால் வந்த பலரும் எகோஸ்போர்ட்டின் வழியையே பிடித்தார்கள்.

எஞ்சின் அளவுகளையும் பாருங்கள்: வென்யூவில் 1,197 சிசி, நெக்ஸானில் 1,199 சிசி, எகோஸ்போர்ட் டீசலில் 1,498 சிசி. பின்பக்கம் வாளால் வெட்டியது போல நேராக இறங்குவதற்கும், சின்ன எஞ்சினில் வலுவைக் கூட்டும் டர்போ ஏறியதற்கும் இந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம். 2017இல் ஜிஎஸ்டி வந்த சில மாதங்களிலேயே, கோட்டுக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு 29 சதவீதம், பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதம் என்று இடைவெளி இன்னும் அகன்றது. 2025 செப்டம்பரில் செஸ்ஸை நீக்கி 18, 40 என்று மாற்றினாலும் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் சேர்த்தால் எடையும் விலையும் கூடும். சலுகை விலைக்காக வாங்குபவர் அதைக் கேட்பதில்லை.

நொய்யல்கரையான்:
மூவருக்கும் நன்றி. மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் இப்போது விற்கும் ஐந்து கதவு ஜிம்னி நான்கு மீட்டருக்குள் இருக்கிறதே, அது ஏன் மலிவாக இல்லை?" என்று கேட்கிறார்.

பழைய ஜிப்ஸி:
மாமா சரியான இடத்தில் பிடித்துவிட்டார். லேடர் ஃபிரேம், நான்கு சக்கர இயக்கம் இரண்டும் இருக்க, ஸ்டெப்னியையும் சேர்த்து அதன் நீளம் 3,985 மி.மீ.தான். ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி என்பதால் சலுகை கிடையாது. இந்த முறை ஸ்டெப்னி வெளியே, பின்கதவில் தொங்குகிறது. நான்கு பேர் உட்காரலாம்.