அண்ணனின் எம்ஜிபியை ஒரு சுற்று ஓட்ட உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பழைய கார் கிளப்பின் மூத்த உறுப்பினர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், போன மாதம் காலமானார். 30 வருடத்துக்கு மேல் ஒரே காரில் பந்தயம் ஓட்டியவர். 1964 எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி. பக்கத்தில் யாருடைய வண்டியாவது கிளம்பவில்லை என்றால், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரோடு போய் நின்றுவிடுவார்.

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை அவர் டியூன் செய்யும் அழகே தனி. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடிப்பார். காற்று இழுக்கும் 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல் வரும்வரை விடமாட்டார். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கிளப் பந்தயத்தில் அந்தக் காரை மெதுவாக ஒரு சுற்று ஓட்டி அஞ்சலி செலுத்த வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் வண்டி இரண்டு வருடமாக நிற்கிறது. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டோம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றினோம், இறுக்கம் இல்லை. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், அதை மாற்றப் போகிறோம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்களையும் மாற்றியே ஆகவேண்டுமா? லீவர் வகை ஷாக் அப்சார்பருக்கு என்ன எண்ணெய் விடுகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், அவரோடு ஓட்டியவர்களிடம் பழைய படங்கள் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். எங்களிடம் இருப்பதெல்லாம் ஹெல்மெட் போட்ட படங்கள்தான். அவர் முகம் தெரிகிற மாதிரி, காரின் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று வேண்டும்.