விண்ட்ஷீல்டில் ஐஸ்: சுடுதண்ணி ஊத்தலாமா, கூடாதா?

பிராம்ப்டன்_புதுசு:
மதுரையிலிருந்து கனடா வந்து எனக்கு இது முதல் விண்டர். அபார்ட்மென்ட்ல கராஜ் இல்ல, வண்டி வெளியிலதான் நிக்குது. ராத்திரி ஃப்ரீசிங் ரெயின், அதான் விழுந்த இடத்துலயே உறையுற மழை பெஞ்சு, காலையில பார்த்தா விண்ட்ஷீல்டு மேல இன்னொரு விண்ட்ஷீல்டு போட்ட மாதிரி ஐஸ். நான் ஸ்க்ரேப்பரை வச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்கேன், எதிர் வீட்டுக்காரர் கெட்டில்ல தண்ணி கொண்டு வந்து ஊத்திட்டுக் கெளம்பிப் போயிட்டார். ஊத்தலாமா, கூடாதா? ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கண்ணாடிக்கடை:
ஊத்தவேண்டாம் தம்பி. நான் ஸ்கார்பரோவில கார்க் கண்ணாடி மாத்திற வேலை செய்யிறன். முன் கண்ணாடி எண்டது ஒற்றைக் கண்ணாடி இல்லை, ரெண்டு தகட்டுக்கு நடுவில ஒரு பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது. சுடுதண்ணி விழுந்த உடன வெளித்தகடு விரியப் பாக்கும், உள்தகடு மைனஸ் 15இலயே கிடக்கும். புதுக் கண்ணாடி தாங்கினாலும் தாங்கும். ஆனா 401 ஹைவேயில லொறிகளுக்குப் பின்னால ஓடுற காரில கல்லுப் பட்ட புள்ளி ஒண்டாவது இருக்கும். கீறல் அதிலயிருந்துதான் வெளிக்கிடும், நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கவே மற்ற முனைக்குப் போயிடும். இப்பத்தைய கார்களில கண்ணாடிக்குப் பின்னால கமராவும் இருக்கு. கண்ணாடி மாத்தினா அதையும் திருப்பி காலிபிரேட் பண்ணி, பார்வை சரியா இருக்கோ எண்டு செட் பண்ணவேணும், அதுக்கு வேற காசு.

மார்க்கம்_மாமா:
கண்ணாடி விக்கிற ஆக்கள் வேற என்னத்தைச் சொல்லுவினம்? நான் 87இல வந்தனான். வந்த காலம் தொட்டு ஊத்திறன், ஒரு கண்ணாடியும் வெடிக்கேல்லை. கொதிதண்ணி ஊத்தச் சொல்லேல்லை, குளிக்கிற சூடு காணும். ஊத்தின கையோட வைப்பரைப் போட்டு வழிச்சு விடுங்கோ. சரி.

கண்ணாடிக்கடை:
கடைசி யோசனை முதல் யோசனையை விட மோசம் மாமா. ரப்பர் கண்ணாடியோட உறைஞ்சு கிடக்கேக்க வைப்பரைப் போட்டா ரப்பர் கிழியும், இல்லாட்டி ஃபியூஸ் போகும், சிலவேளை மோட்டரும் போகும். இரவு காரை நிப்பாட்டேக்கயே வைப்பர் சுவிட்ச் ஆஃபில கிடக்கா எண்டு பாத்துப்போட்டு இறங்கவேணும். அதுசரி, 2013 டிசம்பர் ஐஸ் புயலுக்கு நகரத்தில கனபேருக்குக் கரண்ட் போய்க் கிடந்ததே, அப்ப எந்தக் கெட்டில்ல தண்ணி சுட வச்சனீங்கள்?

மார்க்கம்_மாமா:
காஸ் அடுப்பில.

வினிபெக்_டீச்சர்:
மாமா, குளிக்கிற சூடுன்னா 40 டிகிரின்னு வச்சுக்கலாம். அந்தத் தண்ணி ஒரு லிட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும்போது தர்ற வெப்பம் சுமார் 168 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 வேணும். ஆக, லிட்டருக்கு அரைக் கிலோ ஐஸ்தான் கரையும், அதுவும் காத்தும் கண்ணாடியும் பங்கு கேக்கலைன்னா. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில 2 மில்லிமீட்டர் ஐஸ் படிஞ்சாலே கிட்டத்தட்ட 1.8 கிலோ. அப்போ எத்தனை லிட்டர் ஊத்தணும், அத்தனையும் எங்க போகும்? வைப்பர் அடியில, கதவு ரப்பர்ல, டிரைவ்வேயில வழிஞ்சு திரும்ப உறையும். மார்க்கத்துல மைனஸ் 3ல உங்க வித்தை பலிக்கலாம். எங்க ஊர் மைனஸ் 30ல ஊத்தினா பழைய ஐஸ் மேல புது ஐஸ்தான் மிஞ்சும்.

மார்க்கம்_மாமா:
கணக்குச் சரி பிள்ளை. நான் வினிபெக்கில இல்லையே.

ரிமோட்_ராஜா:
எதுக்குங்க இவ்வளவு பஞ்சாயத்து? காபி போடும்போதே ரிமோட் ஸ்டார்ட்டை அமுக்கிடுங்க. இருபது நிமிஷத்துல எல்லாம் தானா உருகிடும். ஸ்க்ரேப்பரே வேணாம்.

வினிபெக்_டீச்சர்:
ராத்திரி ஸ்னோ விழுந்து சைலன்சர் வாயை மூடியிருந்தா என்ன பண்ணுவீங்க? வீட்டுக்குள்ள இருந்து அமுக்கினா அது தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நீங்க ஏறி உக்காரும்போது வண்டிக்குள்ள நிறைஞ்சிருக்கும். கராஜுக்குள்ள ஓட விடுறதும் ஆபத்து, கதவைத் திறந்து வச்சாலும் சரி. எஞ்சினுக்கும் இருபது நிமிஷம் தேவையில்ல, இப்போ வர்ற வண்டி ஓடும்போதுதான் சீக்கிரம் சூடாகும். டொராண்டோவுல வேற, ஒரு மணி நேரத்துல ஒரு நிமிஷத்துக்கு மேல சும்மா ஓட விடக்கூடாதுன்னு நகர விதி இருக்கு, சில விதிவிலக்குகளோட.

ரிமோட்_ராஜா:
ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு எந்த அதிகாரி எங்க தெருவுக்கு வர்றாராம்? குழந்தையை டேகேர்ல விடணும் மேடம், உறைஞ்ச சீட்ல உக்கார வைக்க முடியுமா? நீங்க மைனஸ் 30ல வண்டியை சூடே பண்ணாம எடுக்கிறீங்களா?

வினிபெக்_டீச்சர்:
எஞ்சினை கரண்ட்ல சூடாக்குற பிளாக் ஹீட்டரை டைமர்ல போட்டுடுவேன், கெளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஆன் ஆகும். எஞ்சின் ஏற்கெனவே சூடா இருக்கிறதால கண்ணாடிக்கு அடிக்கிற டிஃப்ராஸ்ட் காத்தும் சீக்கிரம் சூடா வரும். சூடே பண்ணாதீங்கன்னு நான் சொல்லல. சைலன்சரைப் பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, டிஃப்ராஸ்ட்டை முன் கண்ணாடிக்குத் திருப்புங்க, நீங்க ஸ்க்ரேப்பரோட வெளியில நில்லுங்க. அடியில ஒட்டு விட்டதும் ஓரத்துல நெம்பினா ஐஸ் பலகை பலகையா கழண்டு வரும். முழுசா உருகுற வரைக்கும் காத்திருக்கிறதுதான் வீண்.

கண்ணாடிக்கடை:
இதுக்கு நானும் ஓம். உலோகக் கரண்டி, கத்தி எதையும் கொண்டுபோகாதேங்கோ. பித்தளை அலகு வச்ச ஸ்க்ரேப்பர் விக்குது, பித்தளை கண்ணாடியை விட மென்மை எண்டபடியா அது கீறாது. ஆனா ஐஸுக்குள்ள மண் இருந்தா மண் கீறும், பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் எண்டாலும் அதே கதைதான்.

பிராம்ப்டன்_புதுசு:
வினிகர், உப்புத்தண்ணின்னு யூடியூப்ல நிறைய வருதே? மைனஸ் 40 வரைக்கும் உறையாத வாஷர் ஃப்ளூயிடையே ஐஸ் மேல அடிச்சா?

கண்ணாடிக்கடை:
உப்பு தகரத்தைத் தின்னும், ரோட்டில போடுற உப்பே காணும். கடை வினிகரில தொண்ணூறு வீதத்துக்கு மேல தண்ணிதான், மைனஸ் 15இல அது உங்களுக்கு என்னத்தைச் செய்யப்போகுது? ஃபார்மசியில வாங்கிற ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து ஸ்பிரே போத்தலில வச்சிருங்கோ. மெல்லிய உறைபனிக்கு நல்லா வேலை செய்யும். தடிச்ச ஐஸுக்கு அடிச்சுப்போட்டு கொஞ்சம் பொறுத்துச் சுரண்டவேணும். தீப்பிடிக்கிற சாமான், அடிக்கேக்க பக்கத்தில சிகரெட் கூடாது. வாஷர் ஃப்ளூயிடில இருக்கிறது மெதனோல். வேகமாப் போகேக்க அது ஆவியாப் பறந்து, மிஞ்சின தண்ணி கண்ணாடியில திரும்ப உறையும். ஹைவேயில முன்னுக்கு ஒண்டும் தெரியாமல் போனா துலைஞ்சுது. அதால கண்ணாடி சூடாகுமட்டும் அடியாதேங்கோ.

மார்க்கம்_மாமா:
ஆல்கஹால் வாங்கிற காசுக்கு நான் ஒரு வருசம் தண்ணி சுட வைப்பன். ஒண்டு மட்டும் எல்லாருக்கும் சொல்லுறன். சில பேர் ஸ்டியரிங்குக்கு நேர தபால்பெட்டி வாய் அளவில ஓட்டை சுரண்டிப்போட்டு ஓடுறாங்கள், இவங்களை விட என்ர கெட்டில் எவ்வளவோ மேல்.

கண்ணாடிக்கடை:
அது உண்மை. ஒண்டாரியோ ஹைவே டிராபிக் ஆக்ட் 74ஆம் பிரிவு, முன் கண்ணாடியும் ரெண்டு பக்க ஜன்னல் கண்ணாடியும் தெளிவா இல்லாட்டி பொலிஸ் மறிக்கலாம். கூரையில கிடக்கிற ஸ்னோவையும் தள்ளி விடுங்கோ, பிரேக் பிடிக்கேக்க அவ்வளவும் வழுக்கிக்கொண்டு முன் கண்ணாடிக்கு வரும்.

பிராம்ப்டன்_புதுசு:
சரி, தண்ணி ஊத்தல. ராத்திரியே ஏதாவது செஞ்சு வைக்கலாமா? எனக்கு உள்பக்கமும் பனி படியுது.

வினிபெக்_டீச்சர்:
விண்ட்ஷீல்டு கவர் போடுங்க, துண்டு போட்டா அது நனைஞ்சு கண்ணாடியோட உறைஞ்சிடும். உள்பக்கப் பனி பெரும்பாலும் உங்க ஷூவுல ஏறி வந்த ஸ்னோதான். மேட்டை எடுத்து உதறிக் காய வைங்க, உள்காத்தையே சுத்த விடுற ரீசர்குலேஷன் பட்டனை அணைச்சுட்டு ஏசியோட டிஃப்ராஸ்ட் ஓட்டுங்க, ஏசி காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துடும். முன் கண்ணாடி உள்பக்கத்தைத் துணியால துடைங்க. பின் கண்ணாடி உள்பக்கத்தை மட்டும் எதை வச்சும் சுரண்டாதீங்க, அந்த ஹீட்டர் கோடு ஒண்ணு அறுந்தாலும் அந்த வரி முழுக்க வேலை செய்யாது.