படகு லாக்கர்ல எப்பவும் ஈரம், தரையும் தேயுது. எந்த பெயிண்ட்? (உதவி, அவசரம்)

கடலோரம்_தம்பி
வணக்கம். லாக்கர் உள்ள எப்பவும் ஈரமா இருக்கு. லைஃப் ஜாக்கெட்ல கறுப்புப் புள்ளி. தரை உராய்ஞ்சு நார் தெரியுது. சனிக்கிழமை படகைக் கரையேத்துறேன், அன்னிக்கே பெயிண்ட் அடிச்சு முடிக்கணும். எந்த பெயிண்ட் நல்லது? ரப்பர் பாய் போட்டா போதுமா?

பொங்கோல்வாசி
என்ன படகு ப்ரோ? ஃபைபரா பலகையா? நங்கூரம் வெக்கிற முன்பக்க லாக்கரா, உக்கார்ற பெஞ்சுக்குக் கீழயா? தண்ணி தேங்குதா, சும்மா நசநசப்பு மட்டுமா? தேங்குனா உப்பா இல்லையான்னு ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க.

கேப்டன்_முத்து
படகு அடியில தேங்குற அழுக்குத் தண்ணியை (பில்ஜ்) நாக்குல வெக்கச் சொல்ற ஆலோசனையெல்லாம் இங்க மட்டும்தான் கிடைக்கும். மீன் தொட்டிக் கடையில டிடிஎஸ் பேனா விக்கிறாங்க, தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குறது. மழைத் தண்ணியில எண் கம்மியா நிக்கும், கடல் தண்ணியில அளவே தாண்டிடும்.

பெயிண்ட் கடைசிப் பேச்சு. முதல்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. தரையைத் துடைச்சுக் காய வெச்சு, 30 செ.மீ. சதுரத்துக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. 24 மணி நேரம் விடுங்க. ஷீட்டுக்கு அடியில வேர்த்தா ஈரம் தரைக்குள்ள இருக்கு. மேல நனைஞ்சா மூடி வழியா வருது, இல்ல காத்துல இருந்து படியுது. இதே கேள்விக்கு இதே பதிலை எத்தனை தடவை எழுதுறது?

உபின்_துடுப்பு
காத்தோட்டம் இல்ல, அதான் விஷயம். பக்கச் சுவர்ல கீழ ஒண்ணு, எதிர்ப்பக்கம் மேல ஒண்ணு, 75 மி.மீ. வென்ட் (காத்து போற துவாரம்) ரெண்டு வைங்க. முடிஞ்சுது.

நங்கூரம்88
எங்க முடிஞ்சுது? நம்ம சிங்கப்பூர்ல விடியக்காலையில வெளிக் காத்தோட ஈரப்பதமே 90 சதவீதத்துக்கு மேல. ஓட்டை போட்டு அதைத்தான் உள்ள கூப்பிடப் போறீங்க. மூடிக்கு நல்ல காஸ்கெட் (ஓரத்து ரப்பர்) போட்டு இறுக்கி மூடிட்டு, அலமாரியில வெக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பா ரெண்டு வெச்சா போதும்.

உபின்_துடுப்பு
அந்த டப்பால இருக்கிறது கால்சியம் குளோரைடு. உறிஞ்சுனதெல்லாம் உப்புக்கரைசலா அடியில நிக்கும். படகு ஒரு ஆட்டம் ஆடுனா கவிழ்ந்து லாக்கர் முழுக்க ஓடும். அலுமினியத்தை அரிக்கும், கொட்டின இடம் காயவே காயாது. வீட்டு அலமாரி அலையில ஆடுறதில்ல அண்ணே.

ஃபைபர்_கை
ரெண்டு பேரும் மூடியோட அடிப்பக்கத்தை மறந்துட்டீங்க. ராத்திரி திறந்த வானத்துக்குக் கீழ மூடி காத்தை விட சீக்கிரம் குளிர்ந்துடும். உள்ள இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு சொட்டும். 10 மி.மீ. தண்ணி உறிஞ்சாத ஃபோம் ஷீட் உள்பக்கம் ஒட்டுனா சொட்டுறது குறையும்.

தரைக்கு: முதல்ல சால்வென்ட் போட்டு மெழுகைத் துடைங்க, அப்புறம்தான் 80 நம்பர் சாண்ட்பேப்பர். மாத்திச் செஞ்சா மெழுகு கீறலுக்குள்ள இறங்கிடும், மேல எதுவும் ஒட்டாது. நார் தெரியுற இடத்துக்கு எபாக்ஸியும் (ரெண்டு பாகம் கலந்து இறுகுற ரெசின்), சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி இழைத் துணியும். கடையில மேட் (நெய்யாம துண்டு இழையைப் பசையால ஒட்டுன விரிப்பு) கொடுத்தா வாங்காதீங்க, அதோட பசை பாலியெஸ்டர் ரெசினுக்குத்தான் கரையும். எபாக்ஸி இறுகினதும் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தண்ணியும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவித் தேய்ங்க. அப்புறம் ரெண்டு பாகம் கலக்குற பாலியூரித்தேன் ரெண்டு கோட். ஜெல்கோட் (ஃபைபர் படகோட பளபளப்பான மேல்பூச்சு) வேணாம், எபாக்ஸி மேல நம்பி அடிக்க முடியாது. ஈரம் படியாம இருக்க, காலை பத்துக்கு மேல ஆரம்பிச்சு மூணுக்குள்ள நிறுத்துங்க. ஒரே சனிக்கிழமையில இது நடக்காது.

கடலோரம்_தம்பி
17 அடி ஃபைபர். பெஞ்சுக்குக் கீழ. நங்கூரம், சங்கிலி, பெட்ரோல் டப்பா எல்லாம் அதுலதான். பேனா வாங்கிப் பார்த்தேன், உப்பு இல்ல.

கேப்டன்_முத்து
பெட்ரோல் டப்பா! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், அடியில போய்த் தங்கும். அந்த லாக்கரை இறுக்கி மூடவும் கூடாது, சாதாரண 12 வோல்ட் ஃபேன் வெக்கவும் கூடாது, மோட்டார் பொறி ஒண்ணு போதும். டப்பாவை இன்னிக்கே வெளிய எடுத்து, காத்து நல்லா அடிக்கிற இடத்துல கட்டி வைங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நங்கூரம்88
சரி, பெட்ரோல் இருந்தா நான் சொன்னது செல்லாது. இல்லாத லாக்கருக்குச் செல்லும்.

பொங்கோல்வாசி
உப்பு இல்லன்னா கடல் தண்ணி இல்ல, மழையா இருக்கலாம். மூடியைச் சுத்தி இருக்கிற வாய்க்கால் அடைச்சிருக்கான்னு பாருங்க. காஸ்கெட் மேல சாக்பீஸ் தடவி மூடித் திறங்க. மூடியில கோடு எங்க விட்டுப் போகுதோ அங்க ரப்பர் அமுங்கிடுச்சு. அப்புறம் அஞ்சு நிமிஷம் ஹோஸ் அடிங்க, ஒருத்தர் உள்ள டார்ச் அடிச்சுப் பாக்கணும்.

கறுப்பு ரப்பர் பாய் வேணாம். அடியில தண்ணி தேங்கும், ஜெல்கோட்ல கறையும் விழும். ஓட்டை போட்ட பிவிசி டைல் போடுங்க, தண்ணி அடியில ஓடிடும். நங்கூரம் படுற இடத்துக்கு மட்டும் 6 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பலகை. ஜாலான் புசார் பக்கம் அளவுக்கு அறுத்துத் தருவாங்க. சுத்தி 5 மி.மீ. இடைவெளி விடுங்க, வெயில்ல நீளும். தரையில ஸ்க்ரூ போட்டுப் பிடிக்காதீங்க.

கடலோரம்_தம்பி
ஹோஸ் அடிச்சேன். மூடியோட கீல் ஸ்க்ரூ ரெண்டு வழியா ஒழுகுது. டப்பாவை எடுத்துட்டேன். சிலிக்கோன் அடைச்சிடவா?

ஃபைபர்_கை
சிலிக்கோன் வேணாம், பின்னால பெயிண்ட் பிடிக்காது. ஸ்க்ரூவைக் கழட்டி, ஓட்டையை 9 மி.மீ.க்குப் பெருசாக்கி, காய விட்டு, கெட்டியாக்கின எபாக்ஸியால நிரப்புங்க. மறுநாள் அதுலயே புது ஓட்டை. வாயைக் கொஞ்சம் சரிவா குடைஞ்சு விட்டா பியூட்டைல் டேப் (ஒட்டுற மெழுகு மாதிரி மெத்துன்னு இருக்கிற ரப்பர் நாடா) ஸ்க்ரூவைச் சுத்தி வளையமா உக்காரும், பிதுங்கிப் போகாது.

கேப்டன்_முத்து
அதுக்கு முன்னாடி மூடியோட ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல இருக்கிறது பலகையா ஃபோமான்னு சொல்லுங்க. கீல் பக்கம் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டுனா மொத்துன்னு சத்தம் வருதா? வந்தா பலகை ஊறியிருக்கு, ரெண்டு ஓட்டையை அடைச்சுப் பிரயோஜனம் இல்ல.

உபின்_துடுப்பு
ஊறியிருந்தாலும் வென்ட் வேணும்.