பெல்ட் போட்டு அழகானவங்க, அவதிப்பட்டவங்க எல்லாரும் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

ஈசூன்வாசி:

நானே ஆரம்பிக்கிறேன். போன மாசம் சின்னம்மா மகளுக்குக் கல்யாணம், நம்ம சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு கோயில்ல தாலி கட்டு. இப்பதான் எல்லாரும் புடவைக்கு மேல பெல்ட் போடுறாங்களே, நாமளும் போட்டுப் பாப்போம்னு முதநாள் ராத்திரி வேலை முடிஞ்சு அப்படியே ஓடிப்போய் ஒண்ணு வாங்கினேன், தங்கக் கலரு, உள்ளங்கை அகலம், நடுவுல லட்சுமி முகம், சுத்தி செகப்புக் கல்லு. கடைக்கார அண்ணன் "ஃப்ரீ சைஸ்மா, யாரு போட்டாலும் பொருந்தும்"னாரு, நானும் நம்பிட்டேன்.

நான் 5 அடி 1 இன்ச். அதுகூட பரவால்ல, எனக்கு விலா எலும்பு முடியிற இடத்துக்கும் இடுப்பு எலும்பு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல நாலு விரல்தான் இருக்கு, இதை 34 வயசு வரைக்கும் நான் அளந்து பாத்ததே இல்ல. அந்த பெல்ட் ஏறி உக்காந்ததும் மேல ஜாக்கெட், கீழ கொசுவம், நடுவுல தங்கத் தகடு, நான்னு ஒருத்தி எங்க இருக்கேன்னே தெரியல. பெரியம்மா பாத்துட்டு "என்னடி, பார்சல் கட்டி வெச்ச மாதிரி நிக்கிற"ன்னாங்க. சாப்பாட்டுக்கு உக்காந்தப்பதான் உண்மையான கூத்து, மேல் விளிம்பு விலாவுல குத்துது, கீழ் விளிம்பு தொடையில இடிக்குது, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல எழுந்து பாத்ரூம் போய் கழட்டி பைக்குள்ள போட்டுட்டு வந்தேன். போட்டோவுல பாத்தா கழட்டுனதுக்கு அப்புறம்தான் நல்லா இருக்கேன்.

அப்புறம் தேக்கா மார்க்கெட் மேல் மாடில எனக்கு வழக்கமா ஜாக்கெட் தைக்கிற அக்காகிட்ட பொலம்பினேன். அவங்க சிரிச்சுட்டு, உனக்கு உடம்பு குட்டை காலு நீளம், பெல்ட் அகலம் ஒன்றரை இன்ச்சுக்கு மேல போகக்கூடாது, ஜாக்கெட் துணிலயே பெல்ட் தை, ஒரே கலரா இருந்தா கண்ணு வெட்டுப்படாம மேலருந்து கீழ போகும், தங்கம் போட்டா அந்த இடத்துலயே ரெண்டா வெட்டிடும்னாங்க. உள்ள பக்ரம்னு ஒரு வெறைப்பான துணி வெச்சு, பின்னாடி மட்டும் ரெண்டு இன்ச் எலாஸ்டிக், சைடுல ஊக்கு. அளவு எடுக்கும்போது நான் மூச்சைப் பிடிச்சுட்டு நின்னேன், "உக்காருமா, உக்காந்து குடு, நின்னுக்கிட்டே யாரும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட மாட்டாங்க"ன்னு ஒரு திட்டு. கூலி 15 வெள்ளிதான். இப்ப அதைத்தான் எல்லாப் புடவைக்கும் கட்டுறேன், முந்தானையை மடிச்சு குத்திட்டு அதுக்கு மேல போட்டா மடிப்பு நாள் பூரா நகரவே மாட்டேங்குது.

ஜூரோங் தம்பி:

அக்கா உங்க மானம் பெரியம்மா முன்னாடி போச்சு, எனக்கு இன்டர்வியூ முன்னாடி. பேன்ட் சைஸ் 34, அதனால பெல்ட்டும் 34 வாங்கினேன், கடைசி ஓட்டைல தொங்கிட்டு நின்னுச்சு. பெல்ட்டை பேன்ட்டை விட 2 இன்ச் கூட வாங்கணும்னு அப்ப யாரும் சொல்லல. 5 ஓட்டை இருந்தா நடு ஓட்டைல மாட்டணும், முனை முதல் லூப்பைத் தாண்டி கொஞ்சம் நின்னா போதும், அதுதான் சரியான சைஸ். அந்த 34 பெல்ட்டை விட்டுட்டு காலைல கடைசி நேரத்துல ஜீன்ஸ் பெல்ட்டை எடுத்து ஃபார்மல் பேன்ட்ல திணிச்சேன், அது 40 மில்லிமீட்டர், பேன்ட் லூப்போ 35க்கு தச்சது, ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷன்ல இறங்கி எஸ்கலேட்டர்ல ஏறும்போது பின்னாடி லூப் படக்குனு பிஞ்சிருச்சு. போதாக்குறைக்கு கறுப்பு ஷூ, பிரவுன் பெல்ட். அரை மணி நேரம் முதுகைக் காட்டாம இன்டர்வியூ குடுத்தவன் நான்தான். வேலை கிடைக்கல, ஆனா அதுக்கு பெல்ட் காரணம் இல்ல, ஹாஹா.

தெம்பனிஸ் பாட்டி:

தம்பி, பெல்ட் பெருசா போயிட்டாலும் சொல்றேன் கேளு. எங்க வீட்டுக்காரரு இளைச்சப்புறம் ஆணியைச் சுட வெச்சு ஓட்டை போட்டாரு, கோணலா போயி தோலும் கருகிப் போச்சு. எங்க பிளாக்குக்கு கீழ சப்பாத்து தைக்கிற அங்கிள் பாத்துட்டு, புது ஓட்டையே வேணாம், பக்கிள் இருக்கிற பக்கம் திறந்து அங்க வெட்டி மறுபடி மாட்டினா முனையும் ஓட்டையும் அப்படியே இருக்கும்னு செஞ்சு குடுத்தாரு. எல்லா பக்கிளும் கழறாது, ஸ்க்ரூ இல்ல கிளிப் வெச்சதா பாத்துக்கணும்.

எனக்கு 61 ஆகுது, வயிறு இருக்கு, ஒளிக்கிற வயசு இல்ல. ஆனா நீளக் குர்த்திக்கு மேல பெல்ட் போட எனக்கும் ஆசை. வயித்து மேல கட்டினா மூட்டைதான். மருமகதான் சொல்லிக் குடுத்தா, வயிறு ஆரம்பிக்கிறதுக்கு கொஞ்சம் மேல, ஒல்லியான பெல்ட், இறுக்காம சும்மா கட்டி, ஏசி குளிருக்குப் போடுற கார்டிகனை பட்டன் போடாம மேல போட்டுக்கணும், முன்னாடி ஒரு சாண் பெல்ட்டுதான் தெரியும், ரெண்டு பக்கமும் மறைஞ்சிரும். கோப்பிக்கடைல ரெண்டு பேரு இளைச்சிட்டீங்களான்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்கு கோப்பி நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

உட்லண்ட்ஸ் அம்மா:

எல்லாரும் அழகைப் பேசுறீங்க, நான் உரியிறதைப் பத்திப் பேசுறேன். அலமாரில சுருட்டி வெச்ச கறுப்பு பெல்ட், ஒரு வருஷம் தொடவே இல்ல, எடுத்து வெள்ளை டிரெஸ் மேல கட்டிட்டு ஆபீஸ் போனேன், மத்தியானத்துக்குள்ள இடுப்பு சுத்தி கறுப்புத் துகள், யாரோ மிளகு தூவின மாதிரி. லெதர்னு சொல்லித்தான் வித்தாங்க, அது துணிமேல பூசின பியூ, ஒரு வகை பிளாஸ்டிக். நம்ம ஊரு ஈரத்துக்கு அந்தப் பூச்சு தானாவே பிஞ்சு வந்துரும், போட்டாலும் போடாட்டியும். இப்பல்லாம் வாங்கும்போது ஓட்டையோட உள்பக்கத்தைப் பாக்குறேன், நாரு மாதிரி தெரிஞ்சா தோலு, வலை மாதிரி துணி தெரிஞ்சா வெச்சிட்டு வந்துருவேன். தோலா இருந்தாலும் மழைல நனைஞ்சா காத்துல காய வெச்சு, சுருட்டாம பக்கிளைப் பிடிச்சு தொங்க விடுங்க.

ஈசூன்வாசி:

பாட்டி, அந்த கார்டிகன் விஷயம் இன்னைக்கே செஞ்சு பாத்தேன், சூப்பர். அப்புறம் அந்த லட்சுமி பெல்ட் சும்மாதான் கெடக்கு, இடுப்பு நீளமா இருக்கிற யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஈசூன் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கேட்டுல வந்து குடுக்குறேன், காசு வேணாம், ஒரு கல்லு மட்டும் கொட்டிருச்சு.