நம்ம வீட்டுக் குழு: அண்ணனின் மஞ்சள் ஹெல்மெட்

பர்கூர் அண்ணன், மாலை 6:42
குவாரியில் இன்று மேலே இருந்து உள்ளங்கை அளவு கல் ஒன்று உருண்டு ஹெல்மெட்டில் விழுந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

அம்மா, 6:43
ஐயோ சாமி! தலை சுற்றுகிறதா? வாந்தி வருகிறதா?

பர்கூர் அண்ணன், 6:45
இல்லம்மா. கழுத்துதான் கொஞ்சம் பிடித்திருக்கிறது.

அண்ணி, 6:46
இவரைக் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்.

ஓசூர் சித்தப்பா, 6:50
நாளை வேண்டாம் கண்ணு, இப்போதே கிளம்பு. தலையில் அடி என்றால் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொந்தரவு தெரியும். அப்புறம், அந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதே.

பர்கூர் அண்ணன், 6:52
விரிசலே இல்லை சித்தப்பா. சூப்பர்வைசரும் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, இதையே போடு என்றார்.

ஓசூர் சித்தப்பா, 6:58
வெளியே பார்த்தால் தெரியாது. கல் விழும்போது ஹெல்மெட்டின் வெளி ஓடு வளைகிறது, உள்ளே தலையைத் தாங்குகிற உள்பட்டை இழுபடுகிறது. அப்படித்தான் உன் தலைக்குப் போகிற அடி குறைகிறது. ஒரு தடவை இழுபட்ட பட்டை அடுத்த கல்லை அதே மாதிரி தாங்காது. சிப்காட்டில் இத்தனை வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

பர்கூர் அண்ணன், 7:04
(படம்)

ஓசூர் சித்தப்பா, 7:07
பின்னால் பட்டை மாட்டுகிற கொக்கியைப் பார். வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்தால்தான் அப்படி வெளுக்கும். முன் விளிம்புக்கு அடியில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கும். நடுவில் வருடம், அம்பு காட்டுவது மாதம். என்ன இருக்கிறது?

பர்கூர் அண்ணன், 7:10
நடுவில் 19. அம்பு 8ஐக் காட்டுகிறது.

ஓசூர் சித்தப்பா, 7:12
2019 ஆகஸ்ட். வெளி ஓட்டுக்கு 5 வருடம், உள்பட்டைக்கு 1 வருடம் என்றுதான் பொதுவாகக் கணக்கு. வெயிலில் கிடந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். கல் விழாமல் இருந்திருந்தாலும் இது தூக்கிப்போட வேண்டியதுதான்.

நான், 7:13
சாப்பிடும்போது பாறை மேலேதானே கழற்றி வைப்பாய் அண்ணா? பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசினது போல இருக்கிறது பார்.

தருமபுரி மாமா, 7:20
மச்சான், என் கட்டட வேலையில் 4 ஹெல்மெட் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

ஓசூர் சித்தப்பா, 7:24
இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். உடனே பழையபடி நிமிர வேண்டும். முறுமுறு என்று சத்தம் வந்தால் வேண்டாம். பட்டையில் பிரிந்த நூல், உடைந்த கொக்கி இருக்கிறதா என்று வேலைக்குப் போகும்போது தினமும் பாருங்கள். தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. புதிதாக வாங்கினால் ஐ.எஸ். 2925 என்ற தர முத்திரை பார்த்து வாங்குங்கள். 4151 என்று இருந்தால் அது பைக்குக்கு.

தருமபுரி மாமா, 7:41
இரண்டு முறுமுறுக்கிறது. இன்னொன்றுக்குள் பையன் துண்டை மடித்து வைத்திருக்கிறான்.

ஓசூர் சித்தப்பா, 7:43
துண்டை எடுக்கச் சொல்லுங்கள். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளிதான் உயிரைக் காப்பாற்றுகிறது. அதை அடைத்தால் அடி நேராக மண்டைக்குப் போகும்.

அண்ணி, இரவு 9:35
டாக்டர் பார்த்தார். பயமில்லை, 2 நாள் ஓய்வு என்றார். ராத்திரி நான் பக்கத்திலேயே இருப்பேன்.

பர்கூர் அண்ணன், மறுநாள் காலை 10:15
கொக்கிப் படத்தை சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். நான் வேலைக்கு வரும்போது புதியது கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஓசூர் சித்தப்பா, 10:18
பழையதை முழுசாக வைக்காதே. யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

பர்கூர் அண்ணன், 10:40
பட்டையை அறுத்து, ஹெல்மெட்டை ரம்பத்தால் இரண்டாக வெட்டிவிட்டேன் சித்தப்பா.